‘ஒரு டன் தாங்கும்’ என்று எழுதிக் கொடுக்கலாமா?

தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் நடுவில் உள்ள ஒரு கடலோரக் கிராமத்திலிருந்து ஒரு தம்பி நீளமான கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கமாகச் சொல்கிறேன். அப்பா காலத்திலிருந்து நங்கூரக் கயிறு, படகு கட்டும் கயிறு எல்லாம் பின்னித் தருகிற குடும்பம். ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் கையில் வேலை இல்லாமல் இருந்தபோது, மரம் வெட்டும் கான்ட்ராக்டர் ஒருவர் இவர் கைவேலையைப் பார்த்துவிட்டு, வீட்டு ஓரம் நிற்கும் மரங்களைத் துண்டு துண்டாகக் கட்டி இறக்குவதற்கு இரண்டு முனையிலும் கண் (நுனியை மடக்கி, அதன் பிரிகளைக் கயிற்றுக்குள்ளேயே செருகிப் பின்னும் வளையம்) வைத்த கயிறுகள் கேட்டிருக்கிறார். வீடியோக்களைப் பார்த்து, நீளத்தைக் கூட்டிக் குறைக்கிற மாதிரிக் கயிறும் செய்யப் பழகியிருக்கிறார் தம்பி. கடையில் வாங்கிய 14 மி.மீ. நீலக் கயிறு, சில சமயம் படகில் ஓடிய பழைய கயிறு. பில் இல்லை, பணம் செல்போனில் வரும்.

போன மாதம் ஒரு வேப்ப மரத்தின் உச்சித் துண்டை இறக்கும்போது, கப்பியை மரத்தோடு பிடித்திருந்த இவருடைய கயிற்றின் கண் பிரிந்துவிட்டது. கீழே கயிறு பிடித்திருந்த தொழிலாளியின் கால் எலும்பு முறிந்திருக்கிறது. கான்ட்ராக்டர் பழைய பாக்கியை நிறுத்தி வைத்துக்கொண்டு, முத்திரைத்தாளில் ஒரு கையெழுத்துக் கேட்கிறார்: “நான் கொடுக்கும் கயிறு ஒரு டன் தாங்கும், அதனால் எது நடந்தாலும் முழுப் பொறுப்பும் என்னுடையது.” அதுவும் விபத்துக்கு இரண்டு மாதம் முன்தேதியிட்டு. தம்பி கேட்பது இவைதான்: கையெழுத்துப் போடலாமா? பில்லே இல்லாதபோது என் மேல் வழக்கு வருமா? கயிறு கம்பெனி செய்தது, நான் கண் மட்டும்தானே வைத்தேன்? அப்பா வைத்த கண் புயலிலேயே பிரிந்ததில்லை, இது எப்படிப் பிரிந்தது? வீட்டில் இந்தத் தொழிலே வேண்டாம் என்கிறார்கள், விட்டுவிடவா?

தம்பி, கடிதத்தின் கடைசி வரியில், போகிற போக்கில், மரம் ஏறும் இரண்டு பேருக்கு இடுப்புக் கயிறும் செய்து கொடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். மற்றதை எல்லாம் அப்புறம் படித்துக்கொள்ளலாம். முதலில் அந்த இரண்டு பேருக்கும் போன் போட்டு, அந்தக் கயிற்றில் இனி ஏற வேண்டாம் என்று சொல்லுங்கள். பணத்தைத் திருப்பிக் கொடுத்துக் கயிற்றை வாங்கி வாருங்கள். கட்டை விழுந்த கயிற்றில் என்ன பின்னல் போட்டீர்களோ அதே பின்னலைத்தான் அதிலும் போட்டிருப்பீர்கள். அதில் தொங்குவது மனித உயிர். இன்றைக்கே செய்யுங்கள்.

கையெழுத்துப் போடாதீர்கள்

இதில் யோசிக்க ஒன்றுமில்லை. அந்தத் தாளில் இருப்பது தரத்துக்கான உத்தரவாதம் மட்டும் இல்லை. இன்னொருவருக்கு வரும் நஷ்டத்தை எல்லாம் நான் கட்டுகிறேன் என்று ஏற்றுக்கொள்வது, 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 124ஆம் பிரிவு சொல்லும் வகையான உறுதிமொழி. கட்டையை எவ்வளவு பெரிதாக அறுப்பது, ஆளை எங்கே நிறுத்துவது, கயிற்றை எப்படி விட்டுக்கொடுப்பது என்பதெல்லாம் கான்ட்ராக்டர் கையில் இருக்கிறது, உங்கள் கையில் இல்லை. அதற்கெல்லாம் நீங்கள் எப்படிப் பொறுப்பேற்க முடியும்? முன்தேதி போடுவது அதைவிட மோசம். நடந்து முடிந்த விபத்துக்கு முன்னாலேயே எழுதின மாதிரி ஒரு தாளை உண்டாக்குவது பொய்ச் சாட்சியம் தயாரிப்பது. நாளைக்கு அந்தத் தேதி பொய் என்று தெரிய வந்தால், நீங்கள் சொல்கிற உண்மையையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

வேலை நேரத்தில் அடிபட்ட தொழிலாளிக்கு இழப்பீடு கொடுக்க வேண்டியவர் அவரை வேலைக்கு வைத்தவர். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் தொட்டு இதுதான் நிலை, அதன் இடத்துக்கு வந்த 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அதே கொள்கைதான். உங்களிடம் ஒரு தாள் வாங்கி வைத்துக்கொள்வதால் தொழிலாளியிடம் அவருக்கு உள்ள கடமை போய்விடாது. ஆனால் ஒன்றை மழுப்பாமல் சொல்ல வேண்டும். இழப்பீடு கொடுத்த முதலாளி, விபத்துக்கு வேறொருவரின் தவறு காரணம் என்றால் அந்தப் பணத்தை அவரிடமிருந்து கேட்க 1923 சட்டத்தின் 13ஆம் பிரிவு இடம் கொடுத்தது, 2020 தொகுப்பும் இடம் கொடுக்கிறது. ஆகவே கையெழுத்துப் போடாவிட்டால் உங்களுக்கு ஒன்றுமே வராது என்று நினைத்துவிடாதீர்கள். கையெழுத்துப் போட்டால் மொத்தமும் உங்கள் தலையில். போடாவிட்டால் உங்கள் பங்கு தவறு எவ்வளவோ அவ்வளவு.

அடிபட்டவரைப் போய்ப் பாருங்கள். மனிதராகச் செய்ய வேண்டியதைச் செய்வதைச் சட்டம் தடுக்கவில்லை. முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை அவர் குடும்பத்துக்கு இருக்கிறதா, உடலுழைப்புத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு இருக்கிறதா என்று கேட்டு உதவுங்கள். ‘என் தவறுக்கு ஈடாக’ என்று எதையும் எழுதிக் கொடுக்க வேண்டாம், அவ்வளவுதான்.

பில் இல்லை, கண் மட்டும்தான் வைத்தேன்

இந்த இரண்டும் உங்களைக் காப்பாற்றாது. வாய்ப்பேச்சும் ஒப்பந்தம்தான். பணம் வந்த பதிவும், நீங்கள் அனுப்பிய போட்டோக்களும் செல்போனில் இருக்கின்றன. கூடவே, “ஒரு டன் எல்லாம் அசால்ட்டா தாங்கும்ணே” என்று நீங்களே குரல் பதிவு அனுப்பியதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அதை அழிக்க வேண்டாம். உங்கள் போனில் அழித்தாலும் அவர் போனில் இருக்கும், அழித்தது தெரிந்தால் இன்னும் கேடு. ஆனால் அந்த வாசகம் சட்டத்தின் கண்ணில் என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 84ஆம் பிரிவுப்படி, வெளிப்படையாகக் கொடுத்த உத்தரவாதத்துக்குப் பொருள் ஒத்துவராவிட்டால் தயாரிப்பாளர் பொறுப்பு. கவனமாகத்தான் செய்தேன் என்று நிரூபித்தாலும் அதிலிருந்து தப்ப முடியாது. பிறர் செய்த பாகங்களை வாங்கிச் சேர்த்து விற்பவரும் அந்தச் சட்டத்தில் தயாரிப்பாளர்தான். கயிறு கம்பெனி கயிற்றுக்குப் பதில் சொல்லும், கண்ணுக்கு நீங்கள்தான்.

தொழிலுக்காக வாங்கிய கான்ட்ராக்டர் ‘நுகர்வோர்’ ஆவாரா என்று வாதாட இடம் இருக்கிறது, ஆவதில்லை என்று நாம் சொல்லிப் பார்க்கலாம். அது ஜெயித்தாலும் சிவில் கோர்ட்டில் கவனக்குறைவு வழக்குப் போட வழி உண்டு. போலீஸ் வழக்கு ஆனால், பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்துக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 125ஆம் பிரிவு (கவனக்குறைவால் பிறர் உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து உண்டாக்குவது), உயிர் போயிருந்தால் 106. இதைப் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. அந்த இடுப்புக் கயிறுகளை ஏன் உடனே திரும்ப வாங்கச் சொன்னேன் என்பது புரிய வேண்டும்.

அந்தக் கயிறு இப்போது எங்கே?

கயிறு, சங்கிலி, பெல்ட் என்று எது விட்டுப்போன வழக்கிலும் நான் முதலில் கேட்பது இதைத்தான். நீங்கள் அனுப்பிய போட்டோவில் தெரிவதை வைத்துச் சொல்கிறேன். கயிறு அறுபடவில்லை. அறுந்திருந்தால் நுனி பஞ்சாகக் குலைந்து, சில இழைகள் உருகி ஒட்டியிருக்கும். உங்கள் படத்தில் மூன்று பிரிகளும் முழுசாக வெளியே வந்து, பின்னலுக்குள் இருந்தபோது விழுந்த நெளிவுகூட மாறாமல் நிற்கின்றன, நுனியில் நீங்கள் நெருப்பில் சுட்டு உருக்கிய கட்டியும் அப்படியே இருக்கிறது. அதாவது பின்னல் வழுக்கி உருவிக்கொண்டது. இதைச் சொல்ல எனக்கே வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் இது உங்களுக்குச் சாதகமான படம் இல்லை. ஆனாலும் அந்தக் கயிறு பத்திரமாக இருக்க வேண்டும். மீதிக் கதை அதில்தான் இருக்கிறது: எந்த இடத்தில் தேய்ந்திருக்கிறது, மரத்தில் எத்தனை சுற்று, கப்பி எந்தப் பக்கம் உட்கார்ந்தது, எல்லாம். கான்ட்ராக்டர் கையில் இருந்தால், அதைக் கழுவாமல், வெட்டாமல், அவிழ்க்காமல் வைத்திருக்கும்படி பதிவுத் தபாலில் ஒரு கடிதம் போடுங்கள். கப்பியும் கூடவே இருக்கட்டும்.

படகில் தாங்கியது மரத்தில் ஏன் தாங்கவில்லை

உங்கள் கைவேலையைக் குறைத்துச் சொல்ல வரவில்லை. முடிச்சைவிடக் கண் பின்னல் மேல் என்று நீங்கள் எழுதியது சரியே. முடிச்சுப் போட்ட கயிறு தன் பலத்தில் மூன்றில் ஒரு பங்கைக்கூட இழந்துவிடும். ஒழுங்காகப் பின்னிய கண் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கைக் காப்பாற்றித் தரும். ஆனால் அப்பா வைத்த மூன்று செருகல் தேங்காய் நார்க் கயிற்றுக்கும் பருத்திக் கயிற்றுக்கும் உரிய கணக்கு. நார் சொரசொரப்பு, ஒன்றை ஒன்று கவ்விக்கொள்ளும். பிளாஸ்டிக் இழை வழுவழுப்பு. அதற்கு ஒவ்வொரு பிரிக்கும் குறைந்தது ஐந்து முழுச் செருகல் வேண்டும். ஒவ்வொரு செருகலையும் சமமாக இறுக்கி, நுனியை ஒட்ட வெட்டாமல் கொஞ்சம் நீளம் விட்டு, அதன் மேல் நூல் சுற்றிக் கட்ட வேண்டும். ஒட்ட வெட்டி நெருப்பில் சுட்டால் அந்தக் கடினமான கட்டி பக்கத்து இழையை அறுக்கும், இழுபடும்போது நுனி உள்ளே போய்விடும்.

அப்படியானால் படகில் ஏன் பிரியவில்லை? நங்கூரக் கயிறு எப்போதும் ஓரளவு இழுவையிலேயே இருக்கும், அந்த இழுவையே பின்னலை இறுக்கி வைத்திருக்கும். படகும் நகர்ந்து கொடுக்கும். மரத்தில் கயிறு ஒரு நிமிடம் தொய்ந்து கிடக்கும், அடுத்த நொடி வெடுக்கென்று இழுக்கும், மறுபடி தொய்யும். ஒவ்வொரு தொய்விலும் வழுவழுப்பான பின்னல் கொஞ்சம் கொஞ்சமாக இளகும்.

இழுவையின் அளவும் வேறு. கான்ட்ராக்டர் “கட்டை நூறு கிலோகூட இருக்காது” என்றாராம். 30 செ.மீ. விட்டம், 2 மீட்டர் நீளம் என்று நீங்கள் எழுதியதைக் கணக்குப் போட்டால் 0.14 கன மீட்டர் வருகிறது. ஈரம் உள்ள பச்சை மரத்துக்குக் கன மீட்டருக்கு ஒரு டன் என்று வைப்பதுதான் பாதுகாப்பான கணக்கு, ஆக 140 கிலோ. அந்தக் கட்டை கப்பிக்கு மேலே அறுபட்டு, கப்பியைத் தாண்டி விழுந்த பிறகுதான் கயிறு பிடிக்கிறது. கீழே இருப்பவர் கயிற்றை வழுக்க விடாமல் சட்டென்று நிறுத்தினால் இழுவை எடையைப்போல் நான்கைந்து மடங்கு போவது சாதாரணம். ஐந்து என்றே வைப்போம், 700 கிலோ. இப்போது கப்பியைப் பாருங்கள். ஒரு பக்கம் கட்டை இழுக்கிறது, மறுபக்கம் கீழே பிடித்திருப்பவர் இழுக்கிறார், இரண்டையும் சேர்த்துத் தாங்குவது கப்பியைக் கட்டிய உங்கள் கயிறு. உராய்வில் கொஞ்சம் குறைந்தாலும் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு, 1,400 கிலோ. மரம் இறக்கும் வேலையில் மிக அதிகமாக உழைப்பது அந்தச் சின்னக் கயிறுதான். அதைத்தான் பெரும்பாலும் மிச்சம் மீதியில் செய்கிறார்கள்.

‘ஒரு டன்’ எங்கிருந்து வந்தது? புதிய 14 மி.மீ. பாலிப்ரொப்பிலீன் கயிறு அறுவதற்குச் சுமார் 2.8 டன் வேண்டும், அதனால் ஒரு டன் தாராளம் என்று நினைத்திருப்பீர்கள். அறுகிற எடையும் வேலை செய்கிற எடையும் ஒன்றல்ல. திடீர் இழுவை உள்ள வேலைக்குப் பத்தில் ஒரு பங்குதான் பாதுகாப்பு என்று வைப்பது வழக்கம். அப்படிப் பார்த்தால் 280 கிலோ, அதுவும் புதுக் கயிற்றுக்கு, பின்னல் சரியாக இருந்தால். நம் ஊர் வெயிலில் காய்ந்து, உப்பு இழைக்குள் ஏறிப்போன படகுக் கயிற்றுக்கு எந்த எண்ணையும் யாரும் சொல்ல முடியாது. பழைய கயிற்றில் இனி ஒன்றுகூடச் செய்யாதீர்கள். கடையில் நைலான் என்று தருவதெல்லாம் நைலானும் இல்லை. ஒரு துண்டைத் தண்ணீரில் போடுங்கள், மிதந்தால் அது நைலானும் இல்லை, பாலியெஸ்டரும் இல்லை.

ஆக உங்கள் தரப்பில் தவறு இருக்கிறது: செருகல் குறைவு, சொன்ன எடை கூடுதல். அவர் தரப்பிலும் இருக்கிறது: பெரிய துண்டாக அறுத்தது, வழுக்கி இறக்காமல் சட்டென்று நிறுத்தச் சொன்னது, எல்லாவற்றுக்கும் மேலாக விழுகிற கட்டைக்கு அடியில் ஆளை நிறுத்தியது. கோர்ட்டுக்குப் போனால் இந்தப் பங்கீட்டில்தான் வாதம் நடக்கும்.

தொடர்ந்து செய்வதாக இருந்தால்

விட்டுவிடுங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இந்தப் பக்கம் புயல் காற்று அடித்தால் வீட்டு மேல் சாய்ந்த வேம்பையும் தென்னையையும் இறக்க நல்ல கயிறு கிடைப்பதில்லை, ஆட்கள் கிணற்றுக் கயிற்றைக் கட்டி இறக்குகிறார்கள். நன்றாகச் செய்யத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருப்பது பல பேருக்கு நல்லது. ஆனால் ஆள் தொங்கும் கயிறு வேண்டவே வேண்டாம். உடல் பெல்ட்டுக்கு ஐஎஸ் 3521 என்று இந்தியத் தரம் இருக்கிறது. அமெரிக்காவில் மரம் ஏறுபவர்களுக்கான விதி, ஏறும் கயிறு குறைந்தது 24 கிலோ நியூட்டன், அதாவது சுமார் 2.4 டன் தாங்க வேண்டும் என்பதோடு, அதில் போடும் பின்னல் கயிறு தயாரித்தவர் சொன்ன முறைப்படிதான் இருக்க வேண்டும் என்கிறது. வீடியோ பார்த்துச் செய்கிற காரியம் இல்லை அது.

கட்டை இறக்கும் கயிறு மட்டும் செய்யுங்கள். தயாரிப்பாளர் பெயரும் அறுபடும் எடையும் எழுதி, பின்னும் முறையும் கொடுத்திருக்கிற கயிறாக, பில்லோடு வாங்குங்கள். உள்ளே குடைவாக இருக்கும் 12 பிரிப் பின்னல் கயிறு என்றால் நுனியை உள்ளே புதைக்கும் நீளம்தான் எல்லாம். டைனீமா போன்ற வழுக்கும் இழைக்கு அது விட்டத்தைப்போல் 70 மடங்கு அளவுக்குப் போகும், 12 மி.மீ. கயிற்றுக்கு 84 செ.மீ. வருகிறது, வீடியோவில் ஒரு சாண் புதைக்கிறார்களே என்று செய்தால் மறுபடி இதே கதை. தொய்வில் நழுவாமல் இருக்கக் குறுக்கே தையலும் போட வேண்டும். புதிதாகப் பின்னுகிற ஒவ்வொரு ரகத்திலும் மாதிரிகள் செய்து, என்ஏபிஎல் (சோதனைக் கூடங்களுக்கு அங்கீகாரம் தரும் தேசிய வாரியம்) அங்கீகாரம் உள்ள சோதனைக் கூடத்தில் இழுத்து அறுத்துப் பார்த்து, அந்தச் சீட்டை வைத்துக்கொள்ளுங்கள். டிராக்டரில் கட்டி இழுத்துப் பார்க்கும் வேலை வேண்டாம், அறுந்த கயிறு திரும்பி அடித்தால் ஆளையே கொல்லும்.

ஒவ்வொரு கயிற்றிலும் ஒரு சீட்டுத் தைத்துவிடுங்கள்: எண், செய்த தேதி, கயிற்றின் வகை, விட்டம், வேலை எடை, ‘ஆள் ஏறுவதற்கு அல்ல’. கூடவே தமிழில் ஒரு தாள் — எப்படிக் கட்டுவது, எதைப் பார்த்தால் தூக்கிப் போடுவது, அடியில் ஆள் நிற்கக் கூடாது, நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயப் போடுவது. அதன் நகலில் வாங்குபவரின் கையெழுத்தை வாங்குங்கள். இது வெறும் சடங்கில்லை. பொருளைத் தவறாகப் பயன்படுத்தினாலோ மாற்றினாலோ தயாரிப்பாளர் பொறுப்பில்லை என்றும், வேலைத்தளத்துக்காக முதலாளி வாங்கிய பொருளுக்கு அவரிடம் எச்சரிக்கை கொடுத்திருந்தால் ‘எச்சரிக்கவில்லை’ என்று உங்கள் மேல் வர முடியாது என்றும் 2019 சட்டத்தின் 87ஆம் பிரிவு சொல்கிறது. அந்தப் பாதுகாப்பு தாள் வைத்திருப்பவருக்குத்தான்.

பாக்கிப் பணத்துக்கு வருகிறேன். விபத்துக்கும் முன்னால் கொடுத்த சரக்குக்கான பணத்தைக் கையெழுத்துக்காக நிறுத்தி வைக்க அவருக்கு உரிமை இல்லை. எந்தத் தேதியில் என்ன கொடுத்தீர்கள், எவ்வளவு வந்தது என்று ஒரு தாளில் எழுதி, செல்போன் பதிவுகளோடு சேர்த்து, எழுத்து மூலம் கேளுங்கள். இனி வரும் ஆர்டர்களுக்காக உத்யம் பதிவை (சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) செய்துவிடுங்கள், ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் இலவசமாக ஆன்லைனில் முடியும். பதிவு பெற்ற சிறு உற்பத்தியாளருக்கு 45 நாளுக்கு மேல் பணத்தை இழுத்தடித்தால் 2006ஆம் ஆண்டுக் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டுவட்டி கேட்கலாம்.

வக்கீல் வைக்கப் பணம் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். ராமநாதபுரத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். வருமான வரம்புக்குள் இருந்தால் வக்கீலை அவர்களே இலவசமாகக் கொடுப்பார்கள், இரண்டு தரப்பையும் கூப்பிட்டுப் பேசி முடிக்கவும் அங்கே வழி உண்டு, உங்கள் விஷயம் அப்படி முடிந்தால் எனக்கு மிகவும் சந்தோஷம். போகும்போது அவர் நீட்டிய அந்த முத்திரைத்தாளின் போட்டோவையும் குரல் பதிவையும் கொண்டு போங்கள், உங்களுக்குப் பாதகமானதை மறைக்காமல் காட்டுங்கள். அதற்குள் அவர் தரப்பிலிருந்து நோட்டீஸ் வந்தால் வாங்காமல் திருப்பி அனுப்பிவிட வேண்டாம், வாங்கி, வந்த தேதியை உறையிலேயே குறித்து, அந்த வாரமே பதில் போடச் செய்யுங்கள்.